ஓய்வில் இருக்கும் பொருளுக்கும் நிறை உண்டு

மக்கா,

'கர்த்தருக்குள் பிரியமான மகனுக்கு' என்று தொடங்கித்தான் உனக்கு இதுவரை எழுதியிருக்கிறேன். இங்கே எல்லோரும் சுகம், அங்கே உன் சுகத்துக்காக ஜெபிக்கிறோம் என்று அடுத்த வரி வரும். இந்தத் தடவை அந்த இரண்டு வரியும் எழுத வரவில்லை. இங்கே யாரும் சுகமாக இல்லை. உன் கடிதம் வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் ஒருத்தி சரியாகச் சாப்பிடவில்லை, இன்னொருத்தி சரியாகப் பேசவில்லை, நானோ யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுகிறேன். கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று உன் அம்மா சொன்னாள். ஆறும் ஆறும் என்று பார்த்தேன். ஆறுகிற வழியாக இல்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன். நீயும் பாதியில் மடித்துத் தலையணைக்கு அடியில் செருகாமல், உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் படி. வளைகுடாவில் வேலை பார்க்கிறவன், கல்யாணம் ஆனவன் என்பதெல்லாம் இருக்கட்டும். இதைப் படித்து முடிக்கிற வரைக்கும் நீ என் வகுப்பில் இருக்கிற பையன்தான்.

நீ எழுதியதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன், கேள். 'அப்பா, ஷீபா இனி டியூஷன் எடுக்க வேண்டாம். பையன்களோடு வண்டி விளையாடுகிறாள் என்று ஊரில் பேச்சு வந்துவிட்டதாக ஒரு வேண்டப்பட்டவன் எழுதியிருக்கிறான். வாசலில் இருக்கிற போர்டைக் கழற்றிவிடுங்கள். அவள் வீட்டில் சும்மா இருந்தால் போதும். அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.' இவ்வளவுதான். மிச்சப் பக்கம் முழுவதும் அங்கே வெயில் எப்படி, மெஸ்ஸில் சாப்பாடு எப்படி, கேம்ப் அறைக்கு ஏசி எப்போது வரும் என்பதுதான். நீங்களே சொல்லிவிடுங்கள்! தாலி கட்டினவன் நீயா நானா? உன் மனைவியிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டுமென்றால் அவள் பெயருக்கு ஒரு கடிதம் போட உனக்கு என்ன கேடு? தபால்காரர் உன் கடிதத்தைக் கொண்டு வந்தபோது ஓடிப்போய் வாங்கியவள் அவள்தான். உறையில் என் பெயரைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. ஆனாலும் உள்ளே தனக்கென்று ஒரு தாளாவது இருக்கும் என்று நான் பிரித்துப் படிக்கிற வரைக்கும் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மாமா, எனக்கு ஒண்ணும் எழுதல்லியா?" என்று கேட்டாள். நான் கடிதத்தையே அவள் கையில் கொடுத்துவிட்டேன். நீ சொல்லச் சொன்னதை என் வாயால் நான் சொல்லவில்லை. அதை நீயே எழுதியிருந்தாய், அவளே படித்துக்கொண்டாள்.

உனக்கு இந்தச் செய்தியை எழுதிப் போட்டவன் உன் அத்தை மகன் பிஜு என்று எனக்குத் தெரியும். நீ பெயரைச் சொல்லாமல் 'ஒரு வேண்டப்பட்டவன்' என்று எழுதினால் எனக்குத் தெரியாமல் போய்விடுமா? அந்த வண்டி ஓட்டிய அன்றைக்கு நம் வீட்டுப் பக்கம் ஸ்கூட்டரில் போனவன் அவன் ஒருத்தன்தான். போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபை வாசலில் அவனைப் பிடித்தேன். "எலே பிஜு, நீ கண்டது என்னவாக்கும்?" என்றேன். "மாமா, ஷீபா அக்கா சேலையோட பேரிங் வண்டியில ஏறி இருந்து, இன்னொரு வண்டி வந்து இடிச்சு, ரெண்டும் கூடி உருண்டு போச்சு. பயலுவ எல்லாம் கை கொட்டிச் சிரிச்சானுவ. நான் கண்டதத்தான் எழுதினேன்" என்றான். "அந்த இன்னொரு வண்டியில இருந்தது யாரு?" என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான். "அது நான் சரியா பாக்கல்ல மாமா. ஸ்கூட்டர்ல போனேன்லா." "எனக்க இந்தத் தொப்பைய மட்டும் நீ காணல்ல, இல்லியா?" என்றேன். சபை மூப்பர் சிரித்துவிட்டார். பிஜுவுக்கு முகம் வெளுத்துப் போயிற்று. ஆமாம் மக்கா. அந்த இன்னொரு வண்டியில் உட்கார்ந்திருந்தது உன் அப்பன்தான். அந்த வேண்டப்பட்டவன் எழுதாமல் விட்டது அதைத்தான்.

என்ன நடந்தது என்பதை இப்போது நான் சொல்கிறேன். நீ லீவு முடிந்து போன பிறகு வீட்டை ஒட்டி ரப்பர் ஷீட் உணக்கிக் காயப்போடுகிற சாய்ப்புக் கொட்டகையில் அவள் வகுப்பு தொடங்கியது உனக்குத் தெரியும். வந்து சேருகிற பிள்ளைகளின் கதையையும் நீ மறந்திருக்க மாட்டாய், ஏனென்றால் அது உன்னுடைய கதையும்தான். பத்தாம் வகுப்பு வரை என்னைப் போன்றவர்களிடம் தமிழில் உந்தம், நிறை, திசைவேகம் என்று படித்துவிட்டு, பிரீ டிகிரிக்கு எல்லை தாண்டி நெய்யாற்றின்கரைக்கோ காட்டாக்கடைக்கோ போய் இங்கிலீஷ் புத்தகத்தைக் கையில் வாங்கி, மலையாளத்தில் பாடம் கேட்டு, மூன்றுக்கும் நடுவில் முழி பிதுங்கி நிற்கிற பிள்ளைகள். தெரியாததால் தோற்கிறவர்கள் அதில் குறைவு. தெரிந்ததையே இன்னொரு பெயரில் அடையாளம் காண முடியாமல் தோற்கிறவர்கள்தான் அதிகம். ஷீபா அவர்களுக்கு ஒரே விஷயத்தை மூன்று மொழியிலும் சொல்லுவாள். நடு வரியில் தமிழிலிருந்து மலையாளத்துக்கு மாறுவாள், பிள்ளைகளும் கூடவே மாறுவார்கள். நம் பக்கத்து வழக்கப்படி அவளையும் சார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். 'ஷீபா சார்' என்று முற்றத்தில் குரல் கேட்டால் உன் அம்மாவுக்கு இன்னமும் சிரிப்பு வரும்.

மோதல் பாடம் வந்தது. இரண்டு பொருள்கள் மோதி ஒட்டிக்கொண்டு போனால் என்ன வேகம் என்கிற கணக்கு. பலகையில் எத்தனை தடவை போட்டும் பனச்சமூட்டுப் பக்கத்திலிருந்து வருகிற அனிதா என்கிற பிள்ளைக்கு அது பிடிபடவில்லை. மார்ச்சில் பரீட்சை. போன வருஷம் ஒரு தடவை தோற்றவள். இந்தத் தடவையும் தோற்றால் படிப்பு போதும், கட்டிக்கொடுத்துவிடலாம் என்று அவள் வீட்டில் சொல்லிவிட்டார்களாம். ஷீபா ஒரு நாள் யோசித்தாள். மறுநாள் பையன்களை லாரி வொர்க் ஷாப்புக்கு அனுப்பிப் பழைய பேரிங்குகள் வாங்கிவரச் சொன்னாள். சிறு வயதில் நீ பலகையில் பேரிங் அடித்து இறக்கத்தில் விட்டு முட்டி உடைத்துக்கொண்டாயே, அதே வண்டிதான். இரண்டு செய்தார்கள். ஒன்றின் முன்பக்கம் கொக்கி, இன்னொன்றின் பின்பக்கம் வளையம். மோதினால் மாட்டிக்கொள்ளும், பிரியாது. நல்லமிளகு உணக்குகிற சிமெண்டுத் தளத்தில் சாக்பீஸால் கோடுகள் போட்டாள். ஒரு வண்டியில் கனமான ஆள் வேண்டும், இன்னொன்றில் கனம் குறைந்த ஆள் வேண்டும். பையன்களெல்லாம் ஈர்க்குச்சிகள், எல்லோருக்கும் ஒரே எடை. திரும்பி என்னைப் பார்த்தாள். "மாமா, வண்டியில ஒண்ணு ஏறி இருப்பியளா? கணக்குக்காக்கும்" என்றாள். முப்பது வருஷம் சயன்ஸ் நடத்தியவன் நான். இப்படிக் கேட்டால் மாட்டேன் என்றா சொல்லுவேன்?

உன் அம்மா சாய்ப்பு வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். "இந்த வயசுல உங்களுக்கு வண்டிக் களி விளையாட்டாக்கும்! பலகை ஒடிஞ்சா நான் எடுத்து நிமுத்த மாட்டேன், பாத்துக்கிடுங்க" என்றாள். எதிரே ரப்பர்க் கடையில் ஷீட் நிறுக்கிற தராசில் என்னையும் வண்டியையும் சேர்த்து நிறுத்தார்கள். எழுபத்தைந்து கிலோ. இன்னொரு வண்டியில் உட்கார அனிதாவைக் கூப்பிட்டாள். அந்தப் பிள்ளை தெருவைப் பார்த்தாள், தாவணியைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். மற்றப் பெண்பிள்ளைகளும் அப்படியே. அப்போதுதான் ஷீபா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நான் இருந்தா நீங்களும் இருப்பிய இல்லியா? சரி, நான் இருக்கேன்" என்று உட்கார்ந்தாள். வண்டியோடு ஐம்பது கிலோ. அவள் சும்மா இருந்தாள், அதாவது ஓய்வு நிலையில். பையன்கள் என்னைத் தள்ளிவிட்டார்கள். போய் மோதினேன். கொக்கி மாட்டிற்று. இரண்டு வண்டியும் சேர்ந்து, என் வேகம் குறைந்து, அவள் வண்டியையும் கூட்டிக்கொண்டு கோடுகளைத் தாண்டிப் போயிற்று. ஒரு பையன் வாட்சைப் பார்த்துக் கத்தினான். மோதுவதற்கு முன்னால் வினாடிக்குச் சுமார் இரண்டு மீட்டர் வேகம், பிறகு ஒன்று சொச்சம். அனிதா அந்த இடத்திலேயே தரையில் குத்த வைத்து உட்கார்ந்து சாக்பீஸால் போட்டாள். எழுபத்தைந்தை இரண்டால் பெருக்கி, நூற்றிருபத்தைந்தால் வகுத்து, "ஒண்ணு புள்ளி ரெண்டு! சார், ஒண்ணு புள்ளி ரெண்டு!" என்று கூவினாள். பிஜு கேட்ட கைதட்டல் அதற்குத்தான். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்திருந்தால் அவன் ஸ்கூட்டரை நிறுத்தி அவனும் கை தட்டியிருப்பான். அவன் பார்த்தது சேலையை, நீ படித்தது அவன் பார்த்ததை.

இப்போது உன் கணக்குக்கு வருகிறேன். நீ பத்தாம் வகுப்பில் படிக்கும்போது உனக்கு ஒரு கணக்கு கொடுத்தேன். ஓடுகிற சரக்கு ரயில் வாகன் பெட்டி ஒன்று, ஓய்வில் நிற்கிற இன்னொரு வாகனில் மோதிச் சேர்ந்து ஓடுகிறது. சேர்ந்த பிறகு வேகம் என்ன? நீ போட்டுக் கொண்டுவந்தாய். மோதும் முன் இருந்த அதே வேகம்தான் மோதிய பிறகும். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வரி வரியாகப் பார்த்தேன். இரண்டாவது வாகன் ஓய்வில் இருக்கிறது என்று கண்டதும் அதன் உந்தம் சுழி என்று எழுதியிருந்தாய். அது சரி. ஆனால் அதோடு அந்த வாகனின் நிறையையும் அடித்துவிட்டாய். அடுத்த வரியில் அந்த வாகனே இல்லை. "எலே, நின்ன வாகன் எங்க போச்சு?" என்று கேட்டேன். "அது சும்மா நிக்கதுதானே அப்பா" என்றாய். ஆசிரியர் அறையில் போய் இதைச் சொன்னேன், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிரீ டிகிரியிலும் இதே தப்பு. பாலிடெக்னிக்கிலும் இதே தப்பு. எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! சும்மா நிற்கிற பொருளுக்கு வேகம்தான் சுழி, நிறை சுழி அல்ல. மோதிச் சேர்ந்த அந்த நொடியிலிருந்து ஓடுகிறவன் அதன் கனத்தையும் சேர்த்துத்தான் ஓட வேண்டும். அதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் என்ன விடை வரும்? மோதியவனுக்கு ஒன்றுமே ஆகவில்லை, வந்த வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கிறான் என்று வரும். அப்படி ஒரு மோதல் உலகத்தில் எங்கேயும் கிடையாது.

'வீட்டில் சும்மா இருந்தால் போதும்' என்கிற உன் வரியைப் படித்தபோது எனக்கு அந்த வாகன்தான் ஞாபகம் வந்தது. அன்றைக்குச் சிரித்தேன், இப்போது வயிறு எரிகிறது. எலே, நீ அங்கே போய்க்கொண்டே இருக்கிறாய், அவள் இங்கே நிற்கிறாள் என்பதால் அவளுக்கு ஒரு கனமும் இல்லையென்று முடிவு கட்டிவிட்டாயா? பெண் பார்க்கப் போன அன்று என்ன நடந்தது என்று மறந்துபோயிற்றா? அவள் வீட்டு முன்னறையில் நம் ஆட்கள், அவர்கள் ஆட்கள், இரண்டு சபைப் போதகர்கள் எல்லோரும் இருந்தோம். பாலராமபுரம் சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். பெரியவர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, "எனக்கு ஒண்ணு கேக்கணும்" என்று உன்னைப் பார்த்துக் கேட்டாள். "கல்யாணம் கழிஞ்சாலும் நான் பிள்ளியளுக்குப் படிப்பிச்சுக் குடுப்பேன். அதுல உங்களுக்கு எதிர்ப்பு உண்டா?" அவளுடைய அப்பா பதறிப்போனார். நீ என்ன சொன்னாய்? "ஒரு எதிர்ப்பும் இல்ல. எனக்கும் கொஞ்சம் படிப்பிச்சுத் தந்தா நல்லது" என்றாய். அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தப் பதிலைக் கேட்டு உன் அப்பன் என்கிற பெருமையில் எனக்குத் தலை கால் தெரியவில்லை. திரும்பி வரும் வழியில் ஜீப்பில் உன் சிநேகிதன்களிடம் 'பிசிக்ஸ் படிச்ச பொண்ணாக்கும், ஃபர்ஸ்ட் கிளாஸ்' என்று எத்தனை தடவை சொன்னாய்! சொல்லிக்கொள்ள மட்டும் பிசிக்ஸ் வேண்டும், சொல்லிக்கொடுக்க வேண்டாமா? போதகர்கள் முன்னால் சொன்ன வார்த்தையை ஒரு ஸ்கூட்டர்க்காரன் எழுதிய நாலு வரிக்காக விழுங்கிவிட்டாயே. வெட்கமாக இல்லையா உனக்கு?

எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. உன் கடிதத்தை மடித்து மேஜையில் வைத்தாள். நேராக வாசலுக்குப் போய் ஸ்டூல் போட்டு ஏறிப் போர்டைத் தன் கையாலேயே கழற்றினாள். "எதுக்குக் கழற்றுற? நான் அவனுக்கு எழுதிக்கிடுவேன், வை அங்க" என்று கத்தினேன். "வேண்டாம் மாமா. அவரு அங்கத் தனியாக் கெடந்து கஷ்டப்படுறாரு. என்னால அவருக்கு ஒரு கொறச்சல் வரப்படாது" என்றாள். உனக்குக் குறைச்சல் வரக்கூடாதாம்! கேட்டுக்கொண்டாயா? போர்டைத் துடைத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனவள் போனவள்தான். உன் அம்மாவும் அன்றைக்கு அவள் பக்கம் பேசவில்லை. "கட்டினவன் சொன்னா கேக்கத்தானே வேணும்" என்று முணுமுணுத்தாள். நான் இருந்த இருப்பில் இரண்டு பேரையும் சத்தம் போட்டுவிட்டுத் தோட்டத்தில் போய் நின்றுகொண்டேன். யாரைத் திட்டினாலும் தீராத கோபமாக இருந்தது. திட்ட வேண்டிய ஆள் நீ, கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தாய்.

மறுநாள் மாலை பிள்ளைகள் வந்தார்கள். போர்டு இல்லாததைப் பார்த்துச் சாய்ப்புக்குள் போகாமல் முற்றத்தில் நின்றார்கள். உன் அம்மா வெளியே போய், "இனி வகுப்பு இல்ல மக்களே, போங்க" என்று சொல்லிப் பார்த்தாள். ஒருத்தரும் அசையவில்லை. அனிதா மட்டும், "சாருக்குச் சொகமில்லியா?" என்று கேட்டாள். அடுக்களைக்குள் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்க்கிற சத்தம். நான் சாய்ப்புக்குள் போனேன். கரும்பலகையில் முந்தின வகுப்பில் பாதியில் விட்ட கணக்கு அப்படியே இருந்தது. அறுபது கிலோ எடையுள்ள ஒருத்தன் வினாடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் ஓடி வந்து, நெய்யாற்றில் கரையோரமாக ஓய்வில் கிடக்கிற நூற்றிருபது கிலோ படகில் குதிக்கிறான். படகும் அவனும் என்ன வேகத்தில் போவார்கள்? கணக்கு மட்டும் எழுதியிருந்தது, விடை இல்லை. எனக்கு ஒரு யோசனை வந்தது. கோபத்தில் வந்த யோசனைதான், நல்ல யோசனை என்று அப்போது தெரியாது. பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். சாக்பீஸை எடுத்தேன். உன் தப்பைப் போட ஆரம்பித்தேன்.

வேண்டுமென்றே போட்டேன் மக்கா, அடுக்களைக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்லிக்கொண்டே போட்டேன். "படகு சும்மா கெடக்கு. அதனால அதுக்க உந்தம் சுழி" என்றேன். பாத்திரச் சத்தம் நடந்துகொண்டிருந்தது. "படகு சும்மாதானே கெடக்கு. அதனால அது கணக்குல வேண்டாம், அடிச்சு விடுவோம்" என்று நூற்றிருபதின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். பாத்திரச் சத்தம் நின்றது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரிட்டயர் ஆன வாத்தியாருக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். "அப்போ அறுபது பெருக்கல் மூணு, வகுத்தல் அறுபது. விடை மூணு. குதிச்சவன் வந்த வேகத்துலயே போறான்" என்று விடைக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். கடைசி பெஞ்சில் ஒருத்தன் எழுந்தான். "சார், அப்போ அவன் படகு இல்லாம ஆத்து வெள்ளத்துக்க மேலக்கூடி ஓடிப் போறானா?" என்றான். அடுக்களை ஜன்னலிலிருந்து உன் அம்மாவின் குரல் வந்தது. "கர்த்தர் ஒருத்தரு மட்டும்தான்லே வெள்ளத்துக்க மேல நடந்தாரு. இவரு வேற யாரையோ நடத்திட்டு இருக்காரு." பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "விடை சரிதான், எல்லாரும் எழுதிக்கிடுங்க" என்றேன். அனிதா பேனாவை எடுத்தாள். மார்ச்சில் பரீட்சை இருக்கிற பிள்ளை, என்னை நம்பி அந்தத் தப்பை நோட்டில் எழுதப் போனாள்.

"எழுதாதே!"

ஷீபாதான். இரண்டு கையிலும் சாம்பலும் பாத்திரம் தேய்க்கிற தேங்காய்ச் சகிரியுமாகச் சாய்ப்பு வாசலில் நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை கிரியாதை ஒன்றும் இல்லை. "மாமா! படகு எங்க போச்சு?" என்றாள். "அது சும்மா கெடக்கதுதானே மக்கா" என்றேன் நான், நீ சொன்ன அதே மாதிரி. "சும்மா கெடந்தா? சும்மா கெடந்தா அது இல்லேண்ணா அர்த்தம்? நூத்தி இருவது கிலோ மாமா! அவனுக்க எடையில ரெண்டு பங்கு! குதிச்சவனுக்க வேகத்த மூணுல ஒண்ணா ஆக்கிப் போடும் அது! அதப் போய் அடிச்சு விட்டியளே!" என்று கத்தினாள். மூன்று வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறாள், அவள் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அவள் கத்தியது என்னிடமா என்று எனக்குத் தெரியாது. உன்னிடம்தான் என்று எனக்குப் பட்டது. உன் அம்மா பின்னாலேயே வந்து அவள் கையில் இருந்த சகிரியை வாங்கிக்கொண்டு, சேலைத் தலைப்பால் அவள் விரலைத் துடைத்துவிட்டாள். "போ மக்கா, அந்த மனுசன் தப்பு தப்பா எழுதிட்டிருக்காரு. நீ போய் நேராக்கு. பாத்திரம் நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். கட்டினவன் சொன்னால் கேட்கத்தான் வேண்டும் என்று முந்தின நாள் சொன்னவள்தான். ஷீபா என் கையிலிருந்து சாக்பீஸைப் பிடுங்கினாள். நான் இழுத்த கோட்டை உள்ளங்கையால் அழித்தாள். நூற்றிருபதை மறுபடியும் எழுதினாள், முன்னைவிடப் பெரிதாக. அறுபதும் நூற்றிருபதும் கூட்டி நூற்றெண்பது. விடை ஒன்று. அன்றைக்கு இருட்டுகிற வரைக்கும் வகுப்பு நடந்தது. நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

போர்டு திரும்பவும் வாசலில் இருக்கிறது. மாட்டியவன் நான். கழற்ற வேண்டுமென்றால் நீயே நேரில் வந்து ஏறிக் கழற்று, ஸ்டூலை உன் அம்மா பிடித்துக்கொள்வாள் என்று நினைக்காதே. வகுப்பு மார்ச் வரைக்கும் நடக்கும், மார்ச்சுக்குப் பிறகும் நடக்கும். ஊரில் என்ன பேசுவார்கள் என்று நீ பயப்பட வேண்டாம், இந்த ஊரில் இருப்பவர்கள் நாங்கள்தான். ஆனால் ஒன்று. என் கோபம் என்னோடு போகட்டும், அவள் வருத்தம் அப்படி இல்லை. அன்று கத்தினதற்குப் பிறகு அவள் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கடிதம் வந்திருக்கிறதா என்று வாசலுக்கு ஓடுவதும் இல்லை. தபால்காரர் மணி அடித்தால் வகுப்பிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "மாமா, நீங்க போய் வாங்குங்க" என்கிறாள். எனக்குப் பயமாக இருப்பது அதுதான் மக்கா, ஊர்ப்பேச்சு அல்ல.

அதனால் உனக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். இனி என் பெயருக்கு உன் கடிதம் வந்தால் பிரிக்க மாட்டேன், அப்படியே திருப்பி அனுப்புவேன். அவள் பெயருக்கு எழுது. என்ன எழுதுவது என்று தெரியாவிட்டால் இந்தக் கணக்கைப் போட்டு அனுப்பு. ஒருத்தன் ஓடிக்கொண்டிருந்தான். ஒருத்தி தன் வீட்டில் டியூஷன் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டு நின்றாள். இரண்டு போதகர்கள் முன்னால் இரண்டு பேரும் சேர்ந்தார்கள். சேர்ந்த பிறகு அவன் வேகம் என்ன? எல்லா வரியையும் காட்டு, நிறையை அடிக்காமல் போடு. நீ நெடுநாளாகத் தப்பு செய்கிற கணக்கு, அவசரப்படாமல் போடு. மதிப்பெண்ணுக்காக இந்த வாத்தியாரிடம் கெஞ்சி இனிப் பிரயோஜனமில்லை. உன் தாளைத் திருத்தப்போகிறவள் ஷீபா சார்.

உன் அப்பா